பிக்கெட்வயர் ஓடும் சுவர்ப்படம்: 28 வெள்ளிக்கு ஒரு கொலராடோ

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், பெரிய சாலையில், நகைக்கடைகளைத் தாண்டிச் சற்று உள்ளடங்கினாற்போல் இருக்கும் பழைய புத்தகக் கடையில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துச் சுவர்ப்படம் ஒன்றைச் சென்ற மாதம் 28 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். தேர்வுப் பயிற்சி நூல்களும் பழைய வார இதழ்களும் தேவாரப் புத்தகங்களும் அடுக்கியிருக்கும் அந்தக் கடைக்குக் கொலராடோ எப்படி வந்து சேர்ந்தது என்பது கடைக்காரருக்கே சரியாகத் தெரியவில்லை. ஈப்போவில் வீட்டைக் காலி செய்த யாரோ ஒருவரின் மூட்டையோடு வந்ததாம். "சார், இது நம்ம நாட்டு மேப்பு இல்ல, பார்த்துத்தானே எடுத்தீங்க?" என்று இரண்டு முறை கேட்ட பிறகே காசை வாங்கினார்.

பார்த்துத்தான் எடுத்தேன். ஓய்வுபெற்ற பிறகு வீட்டிலேயே ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் ஆசிரியன் நான். சுவரில் மாட்ட ஒரு நிலப்படம் தேவைப்பட்டது உண்மை. அது கொலராடோவாக இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் படத்தின் தென்கிழக்குப் பகுதியில் ஒரே ஆற்றின் பெயர் மூன்று மொழிகளில் மூன்று வேடம் போட்டு நிற்பதைக் கடையில் நின்றபடியே கண்டுவிட்டேன். அதன்பின் அதைத் திரும்பச் சுருட்டி வைக்க மனம் வரவில்லை. ஆகவே இந்த மதிப்பீட்டில் தாளையும் மையையும் விட அந்த ஆறுதான் அதிக இடம் பிடிக்கும். ஒரு நிலப்படம் ஊர்ப்பெயர்களையும் ஆற்றுப்பெயர்களையும் எப்படி நடத்துகிறது என்பதைக் கொண்டே அதன் தரத்தை எடைபோடுவது என் பழக்கம்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பளபளப்பில்லாத கனத்த தாள். மலைகளுக்குச் சாம்பல் நிழலும், சமவெளிக்கு வெளிர்மஞ்சளும், ஆறுகளுக்குச் சாய்ந்த நீல எழுத்தும் கொடுத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுக்குப் பிறகும் நீலம் மங்கவில்லை. முப்பது ஆண்டு என்பது என் கணக்கு, ஏனென்றால் அச்சிட்ட ஆண்டு படத்தில் எங்கும் இல்லை. கொலராடோவில் இன்று 64 மாவட்டங்கள். கடைசியாக வந்த புரூம்ஃபீல்டு 2001இல் உருவானது. இந்தப் படத்தில் எண்ணினால் 63 மட்டுமே வருகின்றன. இன்னொரு பக்கம், அமெரிக்க வனத்துறை 1990களில் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட ஒரு பள்ளத்தாக்கு இதில் பெயரோடு இருக்கிறது. ஆக, படம் அந்தப் பத்தாண்டுக்குள் அச்சானது என்று துணிந்து சொல்லலாம். பழைய நிலப்படம் வாங்குகிறவர்கள் இப்படி எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் விற்பவர்கள் எல்லாவற்றையும் "ரொம்பப் பழசு" என்றே சொல்வார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கின் பெயர்தான் பிக்கெட்வயர்.

அதன் வழியே ஓடும் ஆற்றின் மீது படம் அச்சிட்டிருக்கும் பெயர் பர்கடுவார். மாநிலத்தின் தெற்கு எல்லையை ஒட்டிய மலைகளில் பிறந்து, டிரினிடாட் என்னும் ஊரைத் தொட்டு, வடகிழக்காகச் சமவெளியை அறுத்துக்கொண்டு போய், லாஸ் அனிமாஸ் என்னும் ஊருக்கு அருகில் ஆர்கன்சா ஆற்றில் கலக்கிறது. பிக்கெட்வயர், பர்கடுவார், லாஸ் அனிமாஸ் என்று படத்தில் தனித்தனியாகக் கிடக்கும் இம்மூன்றும் ஒரே பெயரின் துண்டுகள் என்பதை முன்பே அறியாதவர் இந்தப் படத்தை எத்தனை நாள் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்பானியர்கள் இந்த ஆற்றுக்கு இட்டதாகச் சொல்லப்படும் முழுப்பெயர் ஒரு வாக்கியத்துக்கு நிகரான நீளம் கொண்டது: 'எல் ரியோ தே லாஸ் அனிமாஸ் பெர்திதாஸ் என் புர்கதோரியோ.' இதைத் தமிழாக்க முயன்று 'நரகத்துக்கும் சொர்க்கத்துக்கும் இடையில் தவிக்கும் தொலைந்துபோன ஆன்மாக்களின் ஆறு' என்று நான் எழுதி வைத்திருந்ததை, பிள்ளையை அழைத்துப்போக வந்த எதிர்வீட்டு அத்தை வாசித்துவிட்டுச் சிரித்தார். அவர் கத்தோலிக்கர். "எதுக்கு சார் இவ்வளவு சுத்தி வளைக்கிறீங்க, அது உத்தரிக்கிற ஸ்தலம்" என்றார். சாவான பாவம் என்னும் பெரும்பாவம் இல்லாமல் இறந்தும், இன்னும் முழுத் தூய்மை அடையாத ஆன்மாக்கள் விண்ணகம் புகும் முன் உத்தரித்துத் தீர்க்கும் நிலைக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழிவழியாக வழங்கும் சொல் அது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளுக்கு மெழுகுவத்தியும் பூவும் கொண்டுபோவது அந்த ஆன்மாக்களுக்காகத்தான் என்றும் அத்தை விளக்கினார். ஐரோப்பிய மொழி ஒன்றின் பெயரைத் தமிழாக்க நான் அகராதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, சரியான சொல் எதிர்வீட்டிலேயே இருந்திருக்கிறது. ஆக, 'உத்தரிக்கிற ஸ்தலத்தில் இழந்துபோன ஆன்மாக்களின் ஆறு' என்பதே என் இறுதி மொழிபெயர்ப்பு. அதே ஆற்றங்கரை ஊரான டிரினிடாட் திரித்துவத்தையும், அதற்கு மேற்கே எழும் சாங்ரே தே கிறிஸ்தோ மலைத்தொடர் கிறிஸ்துவின் இரத்தத்தையும் குறிக்கும் என்று நான் சொன்னபோது அத்தை சுவரில் இருந்த படத்தைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

இத்தனை அச்சமூட்டும் பெயர் ஏன் வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1590களில் லெய்வா தே போனியா, குத்தியெரெஸ் தே உமானியா என்ற இரு ஸ்பானியத் தலைவர்கள் அரசின் அனுமதியில்லாமல் வடக்கே ஒரு படையைக் கொண்டு சென்றார்கள். வழியில் எழுந்த பகையில் உமானியா தன் கூட்டாளியைக் கொன்றார். பிறகு அவரும் மற்றவர்களும் சமவெளியில் அங்குள்ள மக்களால் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைக்குப் பின் படையை விட்டுத் தப்பி வந்த உசேப்பே என்ற பழங்குடிப் பணியாள் 1599இல் நியூ மெக்சிகோவின் ஆளுநர் ஒன்யாத்தேவிடம் தான் கண்டதைச் சொன்னார். இதுவரை வரலாறு. குருக்கள் யாரும் உடன் இல்லாததால் அவர்கள் சாகும் வேளையில் குரு எண்ணெய் பூசிச் செய்யும் அவஸ்தைப் பூசுதல் பெறாமல் செத்தார்கள், பின்னால் வந்தவர்கள் ஆற்றங்கரையில் துருப்பிடித்த கவசங்களைக் கண்டார்கள், அதனால் ஆற்றுக்கு இப்பெயர் வந்தது என்பது கதை. அவர்கள் மடிந்தது இந்த ஆற்றங்கரையில்தான் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அந்தக் கதை இல்லாமல் இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுக்கவும் முடிவதில்லை. பிள்ளைகள் கவசத்தைப் பற்றித்தான் மறுபடி மறுபடி கேட்கிறார்கள்.

ஸ்பானியத்துக்குப் பின் பிரெஞ்சு. தோல் வணிகத்துக்காகப் பீவர் என்னும் நீர்விலங்கைப் பிடிக்க வந்த பிரெஞ்சுக்காரர்களும் கனடாப் பிரெஞ்சுக்காரர்களும் அந்த நீண்ட பெயரின் வாலை மட்டும் வெட்டி எடுத்துத் தம் மொழியில் 'பியுர்கத்வார்' என்றார்கள். இன்றைய அரசு எழுத்துக்கூட்டல் அந்தப் பிரெஞ்சு வடிவமே. அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலம் பேசும் மாட்டுக்காரர்களுக்கு அந்த ஒலி பிடிபடவில்லை. 'வார்' என்பது அவர்கள் காதில் 'வயர்' என்று விழுந்தது. முன்பாதி 'பிக்கெட்' ஆயிற்று. பிக்கெட் என்றால் குதிரையைக் கட்டிவைக்க நிலத்தில் அடிக்கும் முளை. வயர் என்றால் கம்பி. முளையும் கம்பியும் மாட்டுக்காரனின் அன்றாடப் புழக்கத்தில் உள்ள பொருள்கள். தெரியாத சொல்லைத் தெரிந்த சொற்களாக உடைத்துக்கொள்வது வாயின் இயல்பு. அந்த இயல்பில் உத்தரிக்கிற ஸ்தலம் முளைக்கம்பியாகிவிட்டது.

இதைக் கேட்டுச் சிரிக்க நமக்குத் தகுதி இல்லை. கெடாவில் உள்ள சுங்கை பெத்தானி என்றால் மலாயில் உழவர் ஆறு. நாம் அதை எத்தனை தலைமுறையாகச் சுங்கைப் பட்டாணி என்று எழுதிப் பேசி வருகிறோம்! நாளிதழிலும் அழைப்பிதழிலும் பட்டாணிதான். அந்த ஊரில் பிறந்தவர் யாருக்கும் அந்தப் பெயரைக் கேட்டதும் சுண்டல் நினைவுக்கு வருவதில்லை, உழவனும் நினைவுக்கு வருவதில்லை. ஊர் மட்டுமே நினைவுக்கு வருகிறது. ரப்பர்த் தோட்டத்தில் அதிகாலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு நம் பெரியவர்கள் 'பெரட்டு' என்றார்கள். அது 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் தேய்வு என்று என் தகப்பனாருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் சங்கு ஊதியதும் பெரட்டுக்குத்தான் போயிருப்பார். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட இந்த வட்டாரத்தில் பெரட்டு என்ற சொல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கொலராடோவின் பண்ணைக்காரர் பிக்கெட்வயர் என்னும்போது அவர் மனத்தில் முளையும் இல்லை, கம்பியும் இல்லை, ஆன்மாக்களும் இல்லை.

எங்கள் ஊர்ப் பெயரும் ஓர் ஆற்றுப் பெயர்தான். சுங்கை ஆறு, சிப்புட் நத்தை. தமிழகத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் இங்கே எந்தச் சுங்கம் வசூலிக்கிறார்கள் என்று கேட்டது வேறு கதை.

புழக்கத்தைப் பொறுத்தவரை மூன்று பெயர்களும் தனித்தனி வேலையை எடுத்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் இடப்பெயர்களை முடிவு செய்யும் நடுவண் வாரியம் 1890இல் அமைக்கப்பட்டது. அரசு ஏடுகளிலும் நீர்க்கணக்கிலும் ஆற்றின் பெயர் பர்கடுவார் என்றே இருக்கும். ஊர்க்காரர் சிலர் அதைப் 'பர்கட்டரி' என்று ஆங்கிலப்படுத்திச் சொல்வதும் உண்டு. பண்ணைகளிலும் பள்ளத்தாக்கிலும் பிக்கெட்வயர் வழங்குகிறது. வனத்துறை அந்தப் பள்ளத்தாக்கு நிலத்துக்குப் பெயரிட்டபோது ஏட்டுப் பெயரை விட்டுவிட்டு அந்தப் பேச்சுப் பெயரையே எடுத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அங்கேதான் வட அமெரிக்காவின் மிகப் பெரிய டைனோசர் காலடித்தடத் தொகுதி இருக்கிறது. 15 கோடி ஆண்டுக்கு முந்திய ஓர் ஏரிக்கரைச் சேற்றில் பதிந்த 1,300க்கும் மேற்பட்ட தடங்கள் இன்று ஆற்றுப் படுகைப் பாறையில் தெரிகின்றன. ஸ்பானியப் பாதியான 'லாஸ் அனிமாஸ்' ஓர் ஊருக்கும் ஒரு மாவட்டத்துக்கும் போய் ஒட்டிக்கொண்டது. இதில் ஒரு விந்தை: லாஸ் அனிமாஸ் ஊர் லாஸ் அனிமாஸ் மாவட்டத்தில் இல்லை. அது பென்ட் மாவட்டத்தின் தலைநகர். லாஸ் அனிமாஸ் மாவட்டத்தின் தலைநகர் டிரினிடாட்.

ஸ்பானியப் பெயர் இத்தனை அழுத்தமாகத் தங்கியதற்குப் படத்திலேயே விடை இருக்கிறது, கவனித்தால். 1819இல் அமெரிக்காவும் ஸ்பெயினும் செய்துகொண்ட உடன்படிக்கையில் ஆர்கன்சா ஆறு இந்தப் பகுதியில் எல்லையாக வைக்கப்பட்டது. பர்கடுவார் தெற்கிலிருந்து வந்து அதில் சேர்வது. ஆகையால் அந்த ஆறு முதலில் ஸ்பெயினுக்கும் பிறகு மெக்சிகோவுக்கும் உரிய மண்ணில் ஓடியது. 1848இல்தான் அது அமெரிக்காவின் கைக்கு முறைப்படி வந்தது. ஆர்கன்சாவின் வடகரையில் 1833இல் எழுந்த பென்ட் கோட்டையில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் மூன்றும் புழங்கின. எல்லையில் ஓடும் ஆற்றுக்குப் பல பெயர் இருப்பதில் வியப்பில்லை. அந்த ஆர்கன்சாவையே கிழக்கே கன்சாஸ் மாநிலத்துக்குள் போனதும் 'ஆர்கன்சஸ்' என்று உச்சரிக்கிறார்கள்.

இனிக் குறைகள். படத்தின் அடியில் உள்ள பெயர்ப்பட்டியல் மூன்று பெயர்களையும் அகரவரிசைப்படி மூன்று மூலைகளில் போட்டுவிட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு குறிப்பும் தரவில்லை. ஒரு சிறு 'காண்க' போதும். அதற்கு இடமும் இருந்தது. அதைவிடப் பெரிய குழப்பம், மாநிலத்தின் தென்மேற்கில் டுராங்கோ வழியாக ஓடும் அனிமாஸ் என்ற வேறோர் ஆறு. 2015 ஆகஸ்டில் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கத்திலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் கேலன் கழிவுநீர் கலந்து மஞ்சளாக ஓடியதே, அந்த ஆறு. அதன் பெயரிலும் இதே ஆன்மாக்கள்தான். நீர் மட்டும் முற்றிலும் வேறு, அது சான் ஹுவான் ஆற்றோடு மேற்கே போய்விடுகிறது. பட்டியலில் அனிமாஸ் ஆறும் லாஸ் அனிமாஸ் ஊரும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை போலத் தோன்றுகின்றன. என் மாணவி ஒருத்தி விரலை வைத்து ஊரிலிருந்து ஆற்றைத் தேடி மாநிலத்தின் மறுகோடிக்கே போய்விட்டாள். உச்சரிப்புக் குறிப்பும் இல்லை. வடக்கே இருக்கும் 'காஷ் லா பூடர்' போன்ற பெயர்களுக்காவது அதைக் கொடுத்திருக்க வேண்டும்; வெடிமருந்தை ஒளித்துவை என்று பொருள்படும் அந்தப் பிரெஞ்சுப் பெயரை எழுத்தை மட்டும் பார்த்துப் படிப்பவர் வாய் சுளுக்கிக்கொள்ளும்.

மடிப்புத் தேய்வையும் சொல்ல வேண்டும். இரண்டு மடிப்புகள் சந்திக்கும் இடம் சரியாக டிரினிடாட் மீது விழுந்து, ஊர்ப்பெயரின் நடு எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. கடைக்காரர் இதற்காக 2 வெள்ளி குறைத்துக்கொண்டார். முதலில் கேட்டது 30.

பெரிய சேதம் வாங்கி வந்த பிறகுதான் நேர்ந்தது. சட்டம் போடுவதற்காகப் படத்தைக் கொடுத்த இடத்தில் வழக்கமாகச் சாமி படங்களுக்கும் பட்டமளிப்புப் படங்களுக்கும் சட்டம் போடுவார்கள்; வெள்ளை விளிம்பு அவர்களுக்கு வெறும் விளிம்பு. கைவசம் இருந்த சட்ட அளவுக்குப் பொருந்தக் கீழே நறுக்கியதில் அளவுகோல் கோடு போய்விட்டது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நறுக்கிய துண்டைக் குப்பையில் தேடிக் கொடுக்க முயன்றார்கள், கிடைக்கவில்லை. 65 வெள்ளிக் கூலியில் ஒரு சென்னும் குறையவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். நிலப்படத்துக்குச் சட்டம் போடக் கொடுப்பவர்கள் எந்த ஓரத்தையும் வெட்டக்கூடாது என்று தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஆனால் அந்த இழப்பால் வகுப்புக்கு ஒரு நல்ல கணக்குக் கிடைத்தது. கொலராடோவின் தெற்கு எல்லை வட அட்சரேகை 37, வடக்கு எல்லை 41. இடையில் நான்கு பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் 444. படத்தில் அந்த உயரத்தை அளந்தால் 63.5 சென்டிமீட்டர். ஆகவே ஒரு சென்டிமீட்டருக்கு 7 கிலோமீட்டர். பிறகு பிள்ளைகள் பூக்கட்டும் நூலை எடுத்து, கண்ணாடியின் மேல் வைத்து, ஆற்றின் வளைவுகளோடு வளைத்துக்கொண்டே போனார்கள். ஒருவன் டிரினிடாட்டுக்கு மேற்கே பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி லாஸ் அனிமாஸ் வரை இழுத்தாள். நூல் 41 சென்டிமீட்டர் வந்தது. அதாவது 287 கிலோமீட்டர். ஆற்றின் நீளம் ஏறத்தாழ 315 கிலோமீட்டர் என்று கொள்கிறார்கள். மீதி 28 எங்கே போயிற்று என்று கேட்டேன். இந்த அளவுப் படத்தில் சின்ன வளைவுகளை நேராக்கித்தான் வரைவார்கள் என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள். அவ்வளவு சிறிய படத்தில் 28 கிலோமீட்டர் மட்டுமே விடுபட்டிருப்பது வரைந்தவரின் கை நேர்த்திக்குச் சான்று; பெயர்ப்பட்டியலைத் தயாரித்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

நூல் பிடித்த அந்த மாலையிலிருந்து ஆற்றுக்கு எங்கள் வீட்டில் நான்காவது பெயர் ஒன்று வந்துவிட்டது. பிக்கெட் என்பது பிள்ளைகள் வாயில் நுழையவில்லை. பக்கெட்வயர் என்றே சொல்கிறார்கள். இரண்டு முறை திருத்தினேன். மூன்றாம் முறை விட்டுவிட்டேன், ஏனெனில் விரலை அவர்கள் சரியான ஆற்றின் மீதுதான் வைக்கிறார்கள்.

விலைக்கு இந்தப் படம் தாராளமாகத் தகும். அமெரிக்க நிலவியல் சொல்லிக்கொடுப்பதற்கென்று வாங்க வேண்டாம். அதற்கு முழு நாட்டுப் படம் நல்லது. இடப்பெயர்களில் நாட்டம் உள்ளவர், மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கலந்த ஊரில் வளர்ந்தவர், பழைய பெயர்கள் தேய்ந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறவர் வாங்கலாம். அந்த மூட்டையில் இன்னும் மூன்று மாநிலப் படங்கள் இருந்தன. நியூ மெக்சிகோவும் கன்சாஸும் நினைவிருக்கின்றன. கடைக்குள்ளே வெளிச்சம் போதாது, ஆகையால் படத்தை வாசலுக்குக் கொண்டுவந்து முழுவதும் விரித்து, மடிப்புகள் எந்த ஊரின் மேல் விழுகின்றன என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். சுருட்டித் தரச் சொல்லுங்கள். மறுபடி மடித்தால் டிரினிடாட்டுக்கு நேர்ந்ததுதான் அந்த ஊர்களுக்கும் நேரும்.